ஒரு வெள்ளிக்கிழமையும் நாலு கணக்கும்

1149ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு பலெர்மோவில் கிரிசாந்தோ என்ற குருவானவர் ஒருவர் தன் தாயின் உடலைப் பெரிய கோயிலிலிருந்து எடுத்துக்கொண்டு போய், புனித மிக்கேல் கோயிலில் தான் கட்டிய சிற்றாலயத்தில் வைத்தார். தாயின் பெயர் அன்னா. முதல் வருஷம் ஓகஸ்ட் 20ஆம் திகதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் இறந்திருந்தார். ஒரு வெள்ளியிலிருந்து மற்ற வெள்ளிக்குச் சரியாக 273 நாள். ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம். இது என்ரை கணக்கு, கல்லில் இல்லை.

கல்லில் இருப்பதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன். அந்த இடமாற்றத்தைச் சொல்வதற்கு கிரிசாந்தோ ஒரு பளிங்குக் கல்லை வெட்டுவித்தார். அந்தக் கல் இன்றைக்கு எங்கட சீசாக் கோட்டைக்குள்ளே, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவிலே வட்டத்துக்குள் வண்ணக்கல் பதித்த ஒரு சிலுவை. அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு எழுத்து. இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபு. மேலே இருப்பதைப் பார்த்தால் ஹீப்ரு மாதிரி இருக்கும். ஆனால் மொழி ஹீப்ரு இல்லை. ஹீப்ரு எழுத்தில் எழுதின அரபு.

பலெர்மோவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சீசா என்பது நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு கோட்டையின் பெயர், அதைச் சுற்றியிருக்கும் பகுதியின் பெயரும் அதுதான். அரபியில் 'அல் அசீசா' என்றால் மேன்மையானது, அருமையானது என்று பொருள். அது தேய்ந்து சீசா ஆகிவிட்டது. 1165 அளவில் முதலாம் வில்லியம் அரசன் வெயில் காலத்து மாளிகையாகத் தொடங்கினான், அவன் மகன் இரண்டாம் வில்லியம் முடித்தான். கீழ் மண்டபத்தின் சுவரிலிருந்து தண்ணீர் ஊற்றெடுத்து, தரையில் வெட்டின வாய்க்காலில் ஓடி வெளியே குளத்துக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஏசி என்று பிள்ளையளுக்குச் சொன்னால் உடனே விளங்கும். 1971இல் கட்டடத்தின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. திருத்தி முடித்துத் திறக்க 1991 ஆயிற்று. 2015 ஜூலையில் இது அரபு-நோர்மன் பலெர்மோவின் ஒரு பகுதியாக உலக மரபுச் சின்னமானது.

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் முதலில் பார்க்கப்போவது கல்லை இல்லை. மண்டபத்து வாசல் வளைவில் வரைந்திருக்கிற 'சீசாப் பிசாசுகளை'த்தான். உண்மையிலே அவை பழைய ரோமக் கடவுள்களின் உருவங்கள். ஊர்ப்பேச்சிலே பிசாசுகளாகிவிட்டன. அவற்றை யார் எண்ணினாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தொகை வருமாம். மார்ச் 25ஆம் திகதி, மரியாளுக்கு வானதூதர் சொன்ன திருநாளன்று, உற்றுப் பார்த்தால் வாலை ஆட்டி வாயைக் கோணுமாம். பலெர்மோக்காரர்கள் ஒரு கணக்குச் சரிவராவிட்டால் இந்தப் பிசாசுகளைத்தான் இழுப்பார்கள். என்ரை இரண்டு பேரும் எண்ணிச் சண்டை பிடித்து முடிய ஒரு பத்து நிமிஷம் ஆகும். விடுங்கோ. அதுக்குப் பிறகு கல்லுக்குப் போகலாம்.

கல்லுக்கு முன்னாலே நின்று நான் பிள்ளையளிடம் கேட்பது இதைத்தான்: அந்த அம்மாவை இடம் மாற்றின வருஷம் எது? லத்தீனில் வாசிக்கிறவனுக்கு 1149. கிரேக்கர்கள் உலகம் படைத்ததிலிருந்து எண்ணினார்கள், அவர்களுக்கு அது 6657. யூதர்களும் படைப்பிலிருந்துதான் எண்ணுகிறார்கள், ஆனால் தொடக்கம் வேறு, அவர்களுக்கு 4909. ஹிஜ்ரிக் கணக்கில் 544. ஒரே நாள், ஒரே சவப்பெட்டி, நாலு ஆண்டு. மகள் ஒரு தரம் கேட்டாள், "அம்மா, அப்ப எது சரி?" எல்லாம் சரி. அவளுக்கு அதை நம்ப இரண்டு நாள் எடுத்தது.

எங்கட பஞ்சாங்கத்தைக் கேட்டால் ஐந்தாவது பதிலும் வரும். அன்னா இறந்தது விபவ வருஷம் ஆவணி மாதம் வளர்பிறையில். இடம் மாற்றினது அடுத்த சுக்கில வருஷம் வைகாசிக் கடைசியில், அதுவும் வளர்பிறை. அந்த நேரம் சோழ நாட்டில் இரண்டாம் குலோத்துங்கனின் ஆட்சி முடிகிற தறுவாய். அங்கேயும் கல்லில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் வருஷத்தை அரசன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணினார்கள்.

இந்தத் திகதிக் கணக்கு எங்களுக்குப் புதுசில்லையே. எத்தனை வீட்டிலே அம்மம்மாவின் திவசம் எப்போது என்று ஒவ்வொரு வருஷமும் தொலைபேசியில் கதை நடக்கிறது! திதிப்படி பார்த்தால் ஒரு நாள், ஆஸ்பத்திரிச் சான்றிதழில் இன்னொரு நாள். யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் உயிர் போயிருந்தால் இத்தாலியில் அது முதல் நாள் இரவு, கனடாவில் பின்னேரம். லண்டனிலிருக்கிற மாமா ஒரு நாள் விரதம், டொரொன்டோவிலிருக்கிற சித்தி மறுநாள் விரதம். நாங்கள் இரண்டாம் தலைமுறை, ஐயர் அனுப்பின திகதியை கூகுள் கலண்டரில் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் அது நகர்ந்துவிட்டதே என்று முழிக்கிறோம். சந்திரன் எங்கட கலண்டருக்குள் அடங்குகிற ஆளில்லை.

யாழ்ப்பாணத்து வழக்கிலே இறந்தவருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்குப் பெயர் என்ன? கல்வெட்டு. பளிங்கும் இல்லை, உளியும் இல்லை, அச்சகத்துத் தாள்தான். ஆனாலும் பெயர் கல்வெட்டு. உள்ளே திதி வெண்பா என்று ஒரு பாட்டு இருக்கும். எந்த வருஷம், எந்த மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, என்ன திதி என்று நாலு அடிக்குள்ளே சொல்லிவிடும். வீட்டுப் பெட்டிக்குள் பழைய கல்வெட்டு ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கோ. உங்கட பூட்டன் இறந்த நாளைக் கண்டுபிடிக்க அந்த வெண்பாவைத் தவிர வேறு பதிவே இல்லாமல் இருக்கலாம். சண்டையிலே கச்சேரிக் கடதாசிகள் எரிந்துபோன ஊர்களிலே பல குடும்பங்களுக்கு நிலைமை அதுதான்.

கிரிசாந்தோ அந்த மாதிரி ஒரு வேலையைத்தான் செய்தார். ஆனால் யாருக்காக நாலு எழுத்து?

அவர் கிறிஸ்தவக் குரு, இரண்டாம் ரொஜர் அரசனின் சபையைச் சேர்ந்தவர். தாயும் கிறிஸ்தவர். புதைத்ததும் கிறிஸ்தவக் கோயிலில். அந்தக் கோயிலுக்குள்ளே வந்து ஹீப்ரு எழுத்தை வாசிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒரு கூட்டம் அறிஞர்கள் இதை அரசனின் விளம்பரம் என்று பார்க்கிறார்கள்: என் ஆட்சியில் எல்லா மொழியும் இருக்கிறது, எல்லா மக்களும் எனக்குக் கீழே என்று காட்டுவது. அதில் உண்மை உண்டு. ரொஜரின் அரண்மனையில் 1142இல் வைத்த நீர்க் கடிகாரத்துக்கும் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் கல்வெட்டு இருக்கிறது. அன்னாவின் கல்லிலே அரபுப் பகுதியில்தான் அரசனின் பட்டங்கள் நீட்டி முழக்கி வருகின்றன. இத்தாலி, லொம்பார்தியா, கலாப்ரியா, சிசிலி, ஆப்பிரிக்கா எல்லாவற்றுக்கும் அரசன். ஆப்பிரிக்கா என்ற சொல் அப்போது சுடச்சுட இருந்தது. துனிசியக் கரையிலே மஹ்தியாவை அவனுடைய கடற்படை பிடித்தது 1148 ஜூனில், அன்னா இறக்க இரண்டு மாதம் முந்தி. அதே பட்டியலில் பாப்பரசரை 'ரோமின் இமாம்' என்று அழைக்கிறார்கள். முதல் தரம் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், எங்கட ஆட்கள் பேராலயத்தைப் பெரிய கோயில் என்றும், சிலுவைப் பாதையைப் பாட்டாகவும் ஆக்கினது மாதிரித்தானே. கையிலிருக்கிற சொல்லைக் கொண்டுதான் புதுசைச் சொல்ல முடியும்.

ஆனால் முழுக்க விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மகன் தாய்க்கு வைத்த கல் அது. நாலு பகுதியும் ஒன்றின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இல்லை. லத்தீனில் சுருக்கமாக, காரியத்தை மட்டும் சொல்லியிருக்கிறது. அரபில் அவருக்காக இரக்கம் வேண்டுகிறவருக்கும் இறைவன் இரங்கட்டும் என்ற கருத்தில் முடிகிறது. வாசிக்கிற ஆளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து, 1153இல், தகப்பன் துரோகோவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் கல் வைத்தார் கிரிசாந்தோ. (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் இடிக்கும். மகன் அதைக் கேட்டுவிட்டு இரண்டு கிழமை தங்கச்சியை அப்படித்தான் கூப்பிட்டான்.)

எங்கட பக்கத்திலும் இப்படி ஒரு கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1911இல் காலி நகரத்திலே வடிகாலுக்கு மூடியாகக் கிடந்த ஒரு பலகைக் கல்லைப் புரட்டிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று எழுத்து. 1409ஆம் ஆண்டுத் திகதி. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரை, பாரசீகப் பகுதி அல்லாவை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்று. அங்கே மூன்று மொழிக்கு மூன்று கடவுள். பலெர்மோவில் நாலு எழுத்துக்கும் ஒரு அம்மா.

இனி மேலே இருக்கிற அந்த எழுத்துக்கு வருவோம். அரபு மொழி, ஹீப்ரு எழுத்து. சிசிலி யூதர்கள் வீட்டில் கதைத்தது அரபு, பிள்ளைகள் எழுதப் பழகினது ஹீப்ரு எழுத்து. ஆகவே கதைக்கிறதைத் தெரிந்த எழுத்தில் எழுதினார்கள். எங்கட முஸ்லிம் ஆட்கள் அர்வி என்று தமிழை அரபு எழுத்தில் எழுதி அச்சிட்டது அதன் மறுபக்கம். இன்னும் கிட்ட வாருங்கோ. உங்கட மகன் அம்மம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுத்தில் எழுதுகிறான்? "சாப்பிட்டீங்களா" என்று ரோம எழுத்தில்தானே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா படித்த பிள்ளைகூடத் தொலைபேசியை எடுத்தால் அந்த எழுத்துக்குத்தான் ஓடுகிறது. இதைத் தமிழின் சாவு என்று மேடையில் கத்துகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐயாமாரே, ஒரு நிமிஷம் பொறுங்கோ. 1149இல் பளிங்கிலே வெட்டி, சிலுவைக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

அதுக்காக எழுத்து முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. சிசிலியின் கதையை மிச்சமும் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1161இலேயே பலெர்மோவில் முஸ்லிம்களைக் கொன்ற கலவரம் நடந்தது, அன்னாவின் கல் வைத்து வெறும் பன்னிரண்டு வருஷம். 1184 நத்தாருக்கு இந்த ஊரிலே நின்ற இபின் ஜுபைர் என்ற ஸ்பெயின் நாட்டுப் பயணி, இங்கத்தைக் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்கள் மாதிரி உடுத்து, மருதாணி போட்டு, அரபு நன்றாகக் கதைத்ததாக எழுதி வைத்தார். அதுக்குப் பிறகு நாற்பது வருஷம்கூட இல்லை. இரண்டாம் பிரெடெரிக் சிசிலி முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலித் தரையில் லுசேராவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றத் தொடங்கினான். யூதர்களை வெளியேறச் சொல்லி 1492இல் கட்டளை வந்தது, அடுத்த ஜனவரிக்குள் போய்விட்டார்கள். கிரேக்கம் இந்த நகரத்தில் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. கல்லைச் சுற்றியிருந்த நாலு பேரில் மிஞ்சினது லத்தீனின் பிள்ளை மட்டும்.

அரபு முற்றாகப் போகவும் இல்லை. சந்தைக்குப் போனால் கேட்கும். எள்ளுக்கு சிசிலிக்காரர் சொல்கிற 'ஜுஜ்ஜுலேனா' அரபுச் சொல். அதிலே செய்கிற 'குபைத்தா' எங்கட எள்ளுப்பாகுக்குத் தங்கச்சி. தோடம்பூவுக்கு 'சாகரா', தண்ணித் தொட்டிக்கு 'ஜெப்பியா', நகரத்து நடுத்தெருவுக்கு 'கஸ்ஸரோ', எல்லாம் அரபு. சிசிலியில் கதைத்த அரபின் உறவு மொழி மால்டாவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, நாட்டின் தேசிய மொழியாக. எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்? ரோம எழுத்தில்! ஆக, எழுத்து மாறினதால் அந்த மொழி சாகவில்லை. சிசிலியிலே கதைக்கிற ஆளைத் துரத்தினதால் செத்தது. ஆனால் எழுத்தை விட்டதால் ஒன்று நடந்தது. பழைய அரபுக் கல்லை மால்டாக்காரர் ஒருவர் படிக்காமல் வாசிக்க ஏலாது. உங்கட பேத்தி நாளைக்கு அம்மம்மாவோடு தமிழிலே கதைப்பாள், அம்மம்மாவின் கல்வெட்டைத் திறந்தால் படம் மட்டும்தான் பார்ப்பாள். கதைப்பதையும் வாசிப்பதையும் இரண்டு வேலையாகப் பிரித்து வைத்து யோசியுங்கோ. எனக்கு முதலாவதுதான் பெரிசு, நேரம் இருக்கிற வீட்டிலே இரண்டாவதும் வேணும். கிழமையில் ஒருநாள் அரை மணித்தியாலம் போதும். அதுக்குத் திதி வெண்பாவைவிட அம்மம்மாவின் சமையல் துண்டு நல்ல பாடப் புத்தகம்.

எங்கட ஆட்கள் பலெர்மோவுக்கு வரத் தொடங்கி நாற்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலே மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவிடம் ஏறுகிற கூட்டத்தில் சைவக்காரர் எத்தனை பேர் என்று இந்த ஊரிலே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய யூதத் தெருக்களில் இத்தாலி, ஹீப்ரு, அரபு மூன்றிலும் பெயர்ப் பலகை வைத்திருக்கிறது நகரசபை. தமிழில் தெருப் பலகை கேட்கிற ஆள் நான் இல்லை. ஆனால் எங்கட ஆட்களுக்கு இங்கே கல் வைக்கிற காலம் வந்துவிட்டது. முதல் வந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது. முன்னம் ஊருக்கு உடலை அனுப்பினார்கள். இப்போது பிள்ளையள் இங்கே, பேரப்பிள்ளையள் இங்கே, எரிக்கிறதும் புதைக்கிறதும் இங்கே. கல்லில் என்ன எழுதுவது, எந்த எழுத்தில் எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டியது எங்கட வயதுக்காரர்.

போன வருஷம் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மம்மா போய்விட்டார். 31க்குக் கல்வெட்டு அடித்தார்கள். தேவாரம், திதி வெண்பா, மருமகன் எழுதின வாழ்க்கை வரலாறு எல்லாம் தமிழில். பேரன் ஒரு பக்கம் இத்தாலியில் எழுதினான். பதினாறு வயதுப் பேத்திக்கு இத்தாலியில் எழுத மனமில்லை, "நான் அவவோடை இத்தாலியிலை கதைச்சதே இல்லை" என்று சொன்னாளாம். தமிழ் எழுத்தும் ஓடாது. கடைசியில் ரோம எழுத்தில் ஒரு பக்கம் தமிழ் எழுதினாள். சபையிலே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அச்சுப் பிழை என்று ஒருவர் நினைத்துவிட்டார். நான் அந்தப் பக்கத்தை வாய்விட்டு வாசித்தேன். சுத்தமான புங்குடுதீவுத் தமிழ். அம்மம்மா புட்டவிக்கும்போது திட்டுகிற திட்டுகூட அப்படியே இருந்தது. வரலாறு எழுதின மருமகனின் இலக்கணத் தமிழில் அந்த அம்மாவின் குரல் ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

நீங்கள் சீசாவுக்குப் போனால் கல்லின் மேற்பக்கத்தைக் கொஞ்சம் நேரம் பாருங்கோ, எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அன்னா எந்த ஊர்ப் பெண், எத்தனை வயது, மகனை எந்த மொழியில் கூப்பிட்டார் என்று நாலு எழுத்தில் ஒன்றிலும் இல்லை. என்ரை மகள் அரபு என்கிறாள். மகன் கிரேக்கம் என்று அடம்பிடிக்கிறான். போகும்போது தண்ணிப் போத்தல் கொண்டுபோங்கோ, மே கடைசிக்குப் பிறகு வெளி முற்றத்தில் நிழலே கிடையாது.